ஃபில்டரை வெட்டிப் பார்த்தீர்களா?

விமானம் கட்டும் பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தின் இன்ஜின் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நம் பதிலாளர். இப்போது மர்பி டவுனில் ஒரு ஷெட்டில் அக்கா மகனோடு சேர்ந்து பழைய கார்களைப் பார்க்கிறார். இந்த மாதம் வயதான ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கேள்விகள்.

கேள்வி: 2004 மாடல் போர்ஷே பாக்ஸ்டர், மேனுவல் கியர், மூன்றாவது கையாக வாங்கியிருக்கிறேன். 1,43,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு சத்தம் இல்லை, இழுவை அருமை. "நல்லா ஓடுற வண்டியில கை வைக்காதீங்க சார், ஆயில் மட்டும் மாத்திட்டு ஓட்டிக்கினே இருங்க" என்கிறார் என் மெக்கானிக். இன்டர்நெட்டில் படித்தால் தூக்கம் போகிறது. எதை முதலில் செய்வது?
– வாசகர், சி.வி. ராமன் நகர்

பதில்: உங்கள் மெக்கானிக் சொன்னது பாதி சரி. 1,43,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்த இன்ஜினின் இரும்பும் அலுமினியமும் அதைத் தாங்கும். கிழடானது ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். ஹோஸ் பைப்புக்குக் கிலோமீட்டர் தெரியாது, வருஷம்தான் தெரியும். நீங்கள் ஊரில் இல்லாத மாதத்திலும் அது ஷெட்டில் உட்கார்ந்து விறைத்துக்கொண்டேதான் இருக்கும்.

நான் ஜாகுவார் விமானத்தின் அடோர் இன்ஜின்களோடு காலம் தள்ளியவன். உடைந்த பிறகு மாற்றலாம் என்ற பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது. சில பாகங்களுக்கு மணிக்கணக்கு உண்டு. கணக்கு முடிந்தால், பார்க்கப் புதுசு போல இருந்தாலும் கழற்றிவிடுவோம். மற்றவற்றை அவ்வப்போது பார்த்து, கெடும் அறிகுறி தெரிந்தால் கழற்றுவோம். எந்தப் பாகம் எந்த வகை என்று பிரிப்பதற்குத்தான் சம்பளம். உங்கள் காரையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும்.

என் ஷெட்டுக்கு நீங்கள் வந்தால் முதல் நாள் ஒரு ஸ்பேர் பார்ட்டும் வாங்கச் சொல்ல மாட்டேன். ஆயிலை இறக்குவேன். எட்டு லிட்டருக்கு மேல் வரும், அதனால் பெரிய டிரேயாக வைக்க வேண்டும். (அக்கா மகன் ஒருமுறை ஐந்து லிட்டர் டிரேயை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அந்தப் பாடம் இன்னும் எங்கள் தரையில் இருக்கிறது.) பிறகு ஃபில்டர் கிண்ணம். அது பிளாஸ்டிக். 74 மி.மீ., 14 பட்டை உள்ள தொப்பி ரெஞ்ச் போட்டுத்தான் திறக்க வேண்டும். செயின் ரெஞ்சைச் சுற்றி முறுக்குகிறவரிடம் காரை விடாதீர்கள், கிண்ணம் விரிசல் விட்டுவிடும்.

கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் ஆயில் தங்கும். அதைக் கொட்டிவிடக் கூடாது. இன்ஜினுக்குள் நடப்பதை அதுதான் சொல்லும். ஒரு வெள்ளை எனாமல் தட்டில் ஊற்றுங்கள். (எங்கள் வீட்டில் காணாமல் போன இரண்டு தட்டுகளைப் பற்றி என் மனைவி இந்தப் பத்தியைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.) ஃபில்டர் காகிதத்தை இரண்டு முனையிலும் கத்தியால் அறுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு மினுங்கினால் பழைய இன்ஜின், போகட்டும். ஜிகினாப் பொடி தூவினது போல இருந்தால் விஷயம் வேறு. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதன்மேல் ஓட்டுங்கள். ஒட்டினால் இரும்பு; பேரிங், செயின் பக்கம் சந்தேகப்பட வேண்டும். ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியமாகவோ பேரிங் ஷெல்லின் பூச்சாகவோ இருக்கும். பழுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் துணுக்கு கிடைத்தால், செயின் உரசி ஓடும் தாங்கு கட்டை தேய்கிறது.

விமான இன்ஜினில் இந்த வேலையை மேக்னடிக் பிளக் என்ற ஒரு சின்னத் திருகு செய்யும். அதைக் கழற்றும்போது தலைமுடி பருமனுக்கு ஒரு சீவல் ஒட்டியிருந்தால் போதும், நாலு பேர் கூடிவிடுவார்கள், ஃபைல் ஓடும். உங்களிடம் ஃபைல் இல்லை. ஒரு நோட்டு வையுங்கள். வெட்டிய காகிதத்தின் புகைப்படம், தேதி, கிலோமீட்டர். ஒரு தடவை பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்றாவது தடவை முதல் இரண்டு படங்களோடு ஒப்பிடும்போதுதான் இன்ஜின் பேசும்.

ஆயிலை எப்போது மாற்றுவது? கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் நீண்ட கணக்கை மறந்துவிடுங்கள். அது புது காருக்கு, ஐரோப்பிய ஹைவேக்கு. இங்கே டிரினிட்டி சர்க்கிளில் இருந்து அல்சூர் ஏரிக்குப் போவதற்குள் இன்ஜின் சரியாகச் சூடுகூட ஆகாது. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரம் கிடைப்பதில்லை. என் கணக்கு எளிது: யுகாதிக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை. நடுவில் 8,000 கி.மீ. ஓடிவிட்டால் பண்டிகைக்காகக் காத்திருக்க வேண்டாம். போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் டப்பாவில் அச்சாகியிருக்கும் ஆயில் மட்டும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். ஐ.எம்.எஸ். பேரிங்தானே? பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் நடுவில், செயினை ஓட்டுவதற்கென்று ஒரு இடைத்தண்டு இருக்கிறது; அதுதான் ஐ.எம்.எஸ். அதன் ஒரு முனையைத் தாங்குவது மூடி சீல் வைத்த ஒரு பால் பேரிங். வருஷக்கணக்கில் சீல் இறுகிப்போய், இன்ஜின் ஆயில் உள்ளே கசிந்து, பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும். போன ஆயில் வெளியே வராது. பழைய, அமிலம் ஏறிய ஆயிலிலேயே பேரிங் ஊறிக்கொண்டிருக்கும். பேரிங் போனால் செயின் பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும், அத்தோடு இன்ஜின் முடிந்தது. உங்கள் 2004-இல் இருப்பது ஒற்றை வரிசை பேரிங், அந்தக் குடும்பத்திலேயே மெலிந்தது. நல்ல செய்தி, அதை இன்ஜினைப் பிளக்காமலே மாற்றலாம். 2006 முதல் 2008 வரை வந்தவற்றில் பேரிங் பெரிசு, ஆனால் இன்ஜினைப் பிளந்தால்தான் எடுக்க முடியும். 2009-இல் புது இன்ஜின் வந்தபோது போர்ஷே அந்தத் தண்டையே எடுத்துவிட்டது.

அதற்காக நாளைக்கே மாற்ற ஓடாதீர்கள். பேரிங்கைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் இறங்க வேண்டும். உங்கள் கிளட்ச் சில்க் போர்டு சிக்னலில் வாழ்ந்த கிளட்ச். எப்படியும் அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. ஃபில்டரில் இரும்பு இல்லையென்றால் கிளட்ச் போடும் அன்றைக்கு பேரிங், பின்பக்க ஆயில் சீல், இரண்டையும் சேர்த்து முடியுங்கள். ஒரே கூலி. ஃபில்டரில் இரும்பு இருந்தால் காரை ஓட்டியே வர வேண்டாம், டோ பண்ணுங்கள். அந்த நிலையில் புது பேரிங் மட்டும் போட்டுத் தருகிறேன் என்று சொல்கிறவரையும் நம்பாதீர்கள். பொடி ஏற்கெனவே ஆயில் வழி முழுக்கப் போயிருக்கும்.

உண்மையைச் சொன்னால், நான் அதிகம் பயப்படுவது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டுக்குத்தான். பெங்களூரு குளிர்ந்த ஊர் என்பதால் இங்கே யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. நாம் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடிய சிஸ்டத்தில் அழுத்தம் இருப்பதால்தான் கூலண்ட் கொதிக்காமல் இருக்கிறது. அந்த அழுத்தத்தைப் பிடிப்பது பின் டிக்கியில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் டேங்கும் ஒரு மூடியும். இருபது வருஷச் சூட்டில் அந்த டேங்க் நிச்சயம் விரிசல் விடும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். பஞ்சாமிர்தம் கெட்டுப்போனது போல ஒரு இனிப்பு வாடை வந்தால் ஏற்கெனவே கசிகிறது. வாடை இல்லையென்றாலும் மாற்றுங்கள். இது மணிக்கணக்கு வகை. மூடியையும் சேர்த்து. மூடியின் பார்ட் நம்பர் 04 என்று முடிய வேண்டும், அதுதான் திருத்தி வந்தது.

வாட்டர் பம்ப்பும் அதே வகை. அதன் விசிறி இதழ்கள் பிளாஸ்டிக். உடைந்தால் துண்டுகள் இன்ஜினின் தண்ணீர்ப் பாதைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. இரும்பு இதழ் போட்ட பம்ப் விற்கிறார்களே என்பீர்கள். அதன் பேரிங் ஆட ஆரம்பித்தால் இதழ் இன்ஜின் சுவரையே கடைந்துவிடும். உடைய வேண்டியது மலிவான பொருளாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கே போட்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்போதே தெர்மோஸ்டாட், பெல்ட், கைக்கு எட்டுகிற எல்லா ஹோஸும்.

முன் பம்பரைக் கழற்றச் சொல்லுங்கள். ரேடியேட்டர்கள் அங்கே இரண்டு மூலையிலும் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஏ.சி. கண்டன்ஸர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் இந்த ஊரின் குப்பைத்தொட்டி. போன மே மாதம் ஒரு காரிலிருந்து நான் எடுத்தது இரண்டு கைப்பிடி காய்ந்த பெருங்கொன்றைப் பூ, ஒரு பி.எம்.டி.சி. பஸ் டிக்கெட், பாதி பால் கவர். ஓனர் மூன்று மாதமாக "சூடு ஏறுது, சென்சார் போச்சு போல" என்று சென்சாரை மாற்றிக்கொண்டிருந்தார். பம்பர் கழன்றிருக்கும்போதே ஏ.சி.யைப் போட்டு இரண்டு ஃபேனும் மெதுவான வேகத்தில் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். ரெசிஸ்டர் எரிந்துவிட்டால் மெதுவான வேகம் போய்விடும், வேகமான வேகம் மட்டும் இருக்கும். ரொம்ப நாள் தெரியாது. மாரத்தஹள்ளியில் ஒரு மணி நேரம் நிற்கும் அன்றைக்குத் தெரியும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நிறம் எப்படி இருந்தாலும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155. நந்தி மலையில் இருந்து பிரேக்கை மிதித்தே இறங்குகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெடலில் தெரியும். டயர் பக்கச் சுவரில் நாலு எண் பாருங்கள். 2317 என்றால் 2017-இன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டினால் என் கண்ணில் அது டயர் இல்லை. நிற்கும்போது சீட் நடுங்கினால் இன்ஜின் மவுண்ட் உட்கார்ந்துவிட்டது. ஹம்ப் ஏறும்போது முன்னால் கட் கட் என்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் தேய்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை கிளம்பினால் இன்ஜின் போச்சு என்று அழ வேண்டாம், ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் செப்பரேட்டரின் ஜவ்வு கிழிந்திருக்கும். ஆனால் தள்ளிப் போடாதீர்கள்.

முதல் வருஷம் காரின் விலையில் கணிசமான ஒரு பங்கைப் பராமரிப்புக்கு எடுத்து வையுங்கள். முடியாதென்றால் கூலண்ட், பிரேக், டயர் மூன்றையும் முதலில் முடியுங்கள். பெயின்ட், சீட் கவர், எக்ஸாஸ்ட் சத்தம் எல்லாம் அப்புறம். வாங்கிய மறுநாளே எக்ஸாஸ்ட் மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் அடுத்தவர் மலிவாக வாங்குகிறார்.

கேள்வி: என்னிடம் 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றி ஏழு வருஷம் ஆகிறது, ஆனால் அதன் பிறகு 12,000 கி.மீ. கூட ஓட்டவில்லை. கவரைத் திறந்து பார்த்தேன், பெல்ட்டில் ஒரு கீறல் இல்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா?
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

பதில்: உங்கள் கேள்வியில் இருக்கும் "கீறல் இல்லை" என்ற இரண்டு வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதன் விலை எனக்குத் தெரியும்.

என் மைத்துனரிடம் இதே கார் இருந்தது, இதே 1.8 டர்போ இன்ஜின். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். பெல்ட் ஆறு வருஷப் பழசு. மேல் கவரைத் திறந்து டார்ச் அடித்தேன், பெல்ட்டைத் திருகிப் பார்த்தேன். கீறல் இல்லை, நூல் பிரியவில்லை. "வந்த அப்புறம் மாத்திக்கலாம் மாப்ளே, போய்ட்டு வாங்க" என்றேன். விமான இன்ஜினில் இப்படி ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொந்தக்காரர், மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பயணம், மணி ராத்திரி எட்டு, எனக்கும் பசி.

கிருஷ்ணகிரி டோலைத் தாண்டியதும் கார் நின்றது. பெல்ட் அறவில்லை. நான் பார்த்தது சரிதான், பெல்ட் நன்றாகவே இருந்தது. நான் பார்க்காதது அதற்கு அடியில் இருந்த வாட்டர் பம்ப். அந்த இன்ஜினில் பம்ப்பைச் சுற்றுவதும் அதே டைமிங் பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகி, பெல்ட் பல் தாண்டி, மேலே கேம் ஒரு பக்கம், கீழே பிஸ்டன் ஒரு பக்கம். ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு, நாலு சிலிண்டருக்கு இருபது. ஹெட்டைக் கழற்றி வரிசையாக மேஜைமேல் வைத்தபோது பதிமூன்று வளைந்திருந்தது. ஒன்றை இன்னும் பில் புத்தகத்தின்மேல் வெயிட்டாக வைத்திருக்கிறேன். என் தங்கை நடுரோட்டில் குழந்தைகளோடு மூன்று மணி நேரம் நின்றாள்; அதைப் பற்றி அவள் இன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை.

ஆகவே மாற்றுங்கள். பெல்ட் மட்டும் இல்லை; டென்ஷனர், ஐட்லர் உருளைகள், வாட்டர் பம்ப், எல்லாம் ஒரே செட்டாக. எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்து வருஷம். உங்கள் கார் குறைவாக ஓடியது பெல்ட்டுக்கு நல்லதில்லை. ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் நின்ற ரப்பர் அது. மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்றுகூட சொல்வேன், நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

கேள்வி: ஆயில் மாற்றும்போது இன்ஜின் ஃப்ளஷ் ஊற்றினால் உள்ளே பளபளவென்று ஆகிவிடுமாமே? கார் 1.6 லட்சம் கி.மீ. ஓடியிருக்கிறது.
– வாசகர், ஆஸ்டின் டவுன்

பதில்: வேண்டாம். அடியில் படிந்த கசடு அதன் பாட்டுக்குக் கிடக்கிறது. அதைக் கிளப்பிவிட்டால் நேராக ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் உட்காரும். நல்ல ஆயிலை 3,000 கி.மீ.க்கு ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். மெதுவாகக் கரையட்டும்.

கேள்வி: என் ஃபியட் பாலியோ 1.6 ஜி.டி.எக்ஸ். 2003 மாடல். இப்போது எங்கே போனாலும் எத்தனால் 20 கலந்த பெட்ரோல்தான். மைலேஜ் குறைந்தது போல இருக்கிறது, காலையில் கராஜில் பெட்ரோல் வாடையும் வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? விற்றுவிடலாமா?
– வாசகி, கோரமங்களா

பதில்: விற்காதீர்கள். அப்படி ஒரு ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்காது.

2023 பிப்ரவரியில் நம் ஊரில் நடந்த விழாவில்தான் எத்தனால் 20 பெட்ரோலைத் தொடங்கி வைத்தார்கள். உங்கள் கார் பிறந்தபோது அந்தப் பேச்சே இல்லை. மைலேஜ் கணக்கு நேரடியானது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சூட்டுச் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், மொத்தத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு குறையும். லிட்டருக்கு 11 கொடுத்த கார் பத்தேகாலுக்கு வரும். அதற்கும் கீழே போனால் பழியை எத்தனால்மேல் போடாதீர்கள், பிளக்கையும் ஆக்சிஜன் சென்சாரையும் பாருங்கள்.

வாடைதான் எனக்குக் கவலை. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்கள் சில எத்தனால் பட்டால் ஊதும், பிறகு காய்ந்து வெடிக்கும். டேங்க்கில் இருந்து இன்ஜின்வரை எல்லா ரப்பர் பெட்ரோல் ஹோஸையும் எடுத்துவிட்டு, ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்ட ஹோஸ் போடச் சொல்லுங்கள். அதன் உள்பூச்சு எத்தனாலைத் தாங்கும். அச்சு இல்லாத ஹோஸை "அதே குவாலிட்டிதான்மா" என்று நீட்டினால் வாங்காதீர்கள். கிளாம்ப்பும் புதிது, ஹோஸை வெட்டாத வட்டக் கிளாம்ப். பெட்ரோல் ஃபில்டரை முதல் முறை சீக்கிரமே மாற்றுங்கள். எத்தனால் பழைய டேங்கின் அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும். வேலை முடியும்வரை காரை வீட்டோடு ஒட்டிய கராஜில் பூட்டி வைக்காதீர்கள். அங்கே கேஸ் கீசரின் பைலட் சுடர் எரிகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, இரண்டு அடுக்குக் கவர் போட்டு மூடி வைத்திருக்கிறார். வெயில், மழை, தூசி, எதற்கும் வெளியே எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கவரைத் தூக்கி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து, கேட்டுவிட்டு, மூடிவிடுகிறார். "மெயின்டனன்ஸ்" என்கிறார். ஆனால் மாதா மாதம் ஏதோ ஒரு செலவு வந்துகொண்டே இருக்கிறது. இது நியாயமா?
– வாசகி, ஜீவன் பீமா நகர்

பதில்: அம்மா, இந்தப் பகுதியை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

அவர் ஞாயிற்றுக்கிழமை செய்வது மெயின்டனன்ஸ் இல்லை. ஐந்து நிமிடத்தில் இன்ஜினில் தண்ணீர் உண்டாகும், ஆனால் அது ஆவியாகும் சூடு வராது. எக்ஸாஸ்டில் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும், ஆயிலில் கலந்து பால்கோவா மாதிரி மூடிக்கு அடியில் ஒட்டும். ஸ்டார்ட்டுக்கு இழுத்த பேட்டரி திரும்ப நிறைவதும் இல்லை. டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகும். பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். இரண்டு அடுக்குக் கவருக்குள் ஈரம் போக வழி இல்லை. பெருச்சாளிக்கு அதைவிட நல்ல வீடு இந்த ஏரியாவில் வாடகைக்குக் கிடைக்காது. மாதா மாதம் வரும் செலவில் வயரிங் எத்தனை என்று பில்லை எடுத்துப் பாருங்கள்.

என்னிடம் வருகிற கார்களில் ஒன்றரை லட்சம் ஓடிய கார்கள் பெரும்பாலும் டிரைவ்வேயில் இருந்து நேராக வருகின்றன. 30,000 ஓடிய கார்கள்தான் டோ வண்டியில் வருகின்றன. ஊர் சொல்வதற்கு எதிரான கணக்கு இது, என் கணக்கு.

வாரம் ஒருமுறை, குறைந்தது நாற்பது நிமிடம். காலை ஆறு மணிக்கு நைஸ் ரோடு காலியாக இருக்கும். முதல் பத்து நிமிடம் இன்ஜினை முடுக்கக் கூடாது. தண்ணீர் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் ஆகும். அப்புறம் நன்றாகவே ஓட்டலாம், அதற்குத்தான் அந்தக் கார். நீங்களும் கூடப் போங்கள், வழியில் இட்லி வாங்கித் தரச் சொல்லுங்கள். அந்தச் செலவு மெயின்டனன்ஸ் கணக்கில் வரும் என்று நான் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால் டேங்க்கை நிரப்பி, டயரில் கொஞ்சம் அதிகக் காற்று அடித்து, பேட்டரிக்கு மெயின்டெய்னர் சார்ஜர் போட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் கட்டை வைத்து நிறுத்துங்கள். அப்போது ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம்.

கேள்வி: மழை பெய்தால் என் பழைய பாக்ஸ்டரில் சீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது. ரூஃப் துணியில் ஓட்டை இல்லை. புது ரூஃப் போட வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். கார் தெருவில் மரத்தடியில் நிற்கிறது.
– வாசகர், இந்திராநகர்

பதில்: எஸ்டிமேட்டை மடித்து வையுங்கள். கடைசி வரியில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள்.

இந்திராநகர் மரத்தடி என்றால் தை மாசி மாதம் ரோஸ் நிற டபேபுயா, சித்திரையில் பெருங்கொன்றையின் மஞ்சள், நடுவில் மழைமரத்தின் பொடி இலை. ரூஃபில் விழுந்தது எல்லாம் பின்பக்க ஓரத்தில் ரூஃப் மடிந்து இறங்கும் பள்ளத்துக்குப் போகும். அந்தப் பள்ளத்தின் இரண்டு மூலையிலும் ஒரு வடிகால் துளை உண்டு. பூ அங்கே ஊறி, களிமண்ணாகி, அடைத்துக்கொள்ளும். பிறகு வருகிற மழைக்கு உள்ளே போவதைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் தலைமுறை பாக்ஸ்டரில் அலாரத்துக்கான எலெக்ட்ரானிக் பெட்டி சீட்டுக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. அது நனைந்தால் ஒரு நாள் காலையில் சாவியே கதவுக்கு அந்நியமாகிவிடும். அதனால் இன்றைக்கே கார்ப்பெட்டைத் தூக்கிக் காய வையுங்கள், பேட்டரி கனெக்‌ஷனை எடுத்துவிட்டு.

ரூஃபைப் பாதி மடித்து நிறுத்தி, மூலையில் கையை விட்டுச் சேற்றை வழித்து எடுங்கள். புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் தடித்த நைலான் நரம்பு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஒரு மீட்டர் வாங்கி, முனையை நெருப்பில் காட்டி மழுங்கடித்து, துளைக்குள் மெல்லத் திருகிக்கொண்டே விடுங்கள். கம்ப்ரெஸர் காற்று வேண்டாம். உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் அப்புறம் வடிகாலே காருக்குள் திறந்திருக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே பேட்டரி இருக்கும் பள்ளத்திலும் வடிகால் உண்டு, அதையும் மறக்காதீர்கள்.

முடித்ததும் ஒவ்வொரு துளையிலும் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு, குனிந்து காருக்கு அடியில் பாருங்கள். ஊற்றினது அப்படியே தரையில் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொட்டு சொட்டாக வந்தால் இன்னும் பூ இருக்கிறது.